நூற்று அறுபத்து மூன்று திறக்காத பெட்டிகள்

பச்சைத் தொப்பிக்காரியின் விலை ஒரு காலத்தில் ஒரு புது மோட்டார் சைக்கிள். போன வருஷம் அது ஒரு பழைய சைக்கிள் ஆயிற்று. இந்த வருஷம் மழை தொடங்கியபோது அந்தச் சைக்கிளின் பெல் மட்டும்தான் மிஞ்சியது. இதே வேகத்தில் போனால், மாசக் கடைசியில் அவளை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு நாம்தான் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார் மெஷின்காரம்மாவின் கணவர்.

பச்சைத் தொப்பிக்காரி ஒரு பொம்மை. முழங்கை நீளம் இருப்பாள். பச்சைத் தொப்பி, சிவப்புக் கவுன், வெள்ளைக் காலுறை. இதெல்லாம் பெட்டிமேல் அச்சடித்த படத்தைப் பார்த்துச் சொல்வது. ஏனென்றால் மெஷின்காரம்மா அவளை வாங்கி இருபத்து நாலு வருஷமாகியும் பெட்டியைத் திறந்ததே இல்லை. மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடித்தாள் உண்டு. அதன் வழியாக முகம் மட்டும் தெரியும். அவ்வளவுதான் தரிசனம்.

பொம்மை சேர்ப்பவர்களின் உலகத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: திறக்காத பெட்டிக்குத்தான் விலை. திறந்தால் பாதி. திறந்து ஒரு தடவை தலை வாரிவிட்டால் கால். குழந்தை கையில் கொடுத்துவிட்டால் அது பொம்மையே இல்லை, வெறும் சாமான். இப்படிப்பட்ட திறக்காத பெட்டிகள் மெஷின்காரம்மாவிடம் நூற்று அறுபத்து மூன்று இருந்தன. கடைக்குப் பின்னால் இருந்த அறையில், தரையிலிருந்து உத்தரம் வரை அடுக்கியிருந்தாள். அந்த அறைக்குள் போவதென்றால் வயிற்றை எக்கிப் பக்கவாட்டில்தான் போகவேண்டும். கணவர் ஒரு நாள் சாப்பிட்ட கையோடு உள்ளே நுழைந்துவிட்டு, ஜீரணமாகும் வரை வெளியே வர வழியில்லாமல் நின்றது அந்தத் தெருவே அறிந்த சேதி.

முன்னறையில் அவள் தையல் மெஷின் பழுது பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத் தொழில். மெஷினின் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பழுது பார்த்த மெஷினைக் கவிழ்த்து, அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே என்ன செய்தாள் என்பதை வந்தவர் கண்ணுக்கு நேரே காட்டாமல் ஒரு காசு வாங்க மாட்டாள். சுவரில் எழுதியே மாட்டியிருந்தாள்: "திறந்து காட்டிய பிறகே காசு." அதற்கு நேர் பின்னாலிருந்த அறையில்தான் அந்த நூற்று அறுபத்து மூன்றும் மூடிக் கிடந்தன. இதில் இருக்கும் வேடிக்கை இருபத்து நாலு வருஷமாக யாருக்கும் உறைக்கவில்லை.

கணவர் ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். மூன்று மாதத்தில் தானாக ஓடும் லிஃப்ட் வரப்போகிறது, அவர் வீட்டுக்கு வரப்போகிறார். அதன் பிறகு காலம் தள்ளப் பொம்மைகள் இருக்கின்றன என்பதுதான் இருவரின் கணக்கும். அந்தக் கணக்கில்தான் இடி விழுந்தது. பொம்மைக் கம்பெனி பழைய அச்சுகளைத் தேடி எடுத்து அதே முகங்களை மறுபடி வார்த்து விற்கத் தொடங்கியது. அது போதாதென்று, சேர்த்தவர்கள் கண்ணை மூடியதும் பிள்ளைகள் அறை அறையாகப் படம் எடுத்துப் போனில் விலைக்குப் போட்டார்கள். வாங்குகிறவரைவிட விற்கிறவர் அதிகமாகி, கடைசியில் எல்லாரும் விற்கிறவர்களாகி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொம்மை சேர்ப்போர் வட்டம் கூடியது. வட்டத்தின் தலைவர் சீல் சார். எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை போடும் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பழக்கம் விடவில்லை, தன் வீட்டுப் பொம்மைப் பெட்டி இருநூற்று நாலின் மூடியிலும் அரக்கு உருக்கி முத்திரை வைத்திருந்தார். பெட்டியைத் திறந்தவர் பெயரை வட்டத்துப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவது அவர் போட்ட சட்டம். மருமகன் தெரியாமல் திறந்ததற்காக மாமனாரை நீக்கிய சம்பவமும் உண்டு.

"யாரும் விக்கக்கூடாது," என்றார் சீல் சார். "நாம வித்தா இன்னும் விழும். பல்லக் கடிச்சிட்டு ஒக்காருங்க."

"எனக்கு இருக்கிறது பல்செட்டு சார்," என்றார் முடிதிருத்தும் கடைக்காரர். "ரொம்ப நேரம் கடிச்சா அது தனியா வந்துரும்."

"சிரிப்பு வேண்டாம். திறக்காத பெட்டிக்கு மறுபடி காலம் வரும்."

சீல் சாரின் மனைவி தேநீர்த் தட்டோடு வந்து, ஒவ்வொருவருக்கும் கொடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். வட்டத்து ஆட்கள் பதினேழு வருஷமாக அந்தத் தட்டைத்தான் பார்த்திருந்தார்கள். பிடித்திருந்த ஆளைப் பார்த்ததில்லை.

மெஷின்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பியபோது கடை வாசலில் மொத்தம் என்பவர் நின்றிருந்தார். பழைய சாமான் வாங்கி விற்கிறவர். எதையும் தனியாக வாங்க மாட்டார், அறையோடுதான் பேசுவார். அதனால் அந்தப் பெயர்.

"அக்கா, உள்ள இருக்கிறத அப்படியே தூக்கிக்கிறேன். பெட்டிக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட்டு. சனிக்கிழமை வண்டி கொண்டு வர்றேன். அடுத்த வாரம்னா இந்த ரேட்டு கிடையாது, அதையும் சொல்லிடறேன்."

அவர் சொன்ன தொகை பழைய விலைக்குப் பக்கத்தில் கூட வராது. ஆனாலும் வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து இரண்டு வருஷ வாடகை. கணவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, விரல் போதாமல் கால்விரலையும் சேர்த்துக்கொண்டார். "குடுத்துடும்மா," என்றார். "இது கீழ போற லிஃப்டு. நடுவுல நிக்காது."

சீல் சாரின் உத்தரவுக்கும் இரண்டு வருஷ வாடகைக்கும் நடுவில் இரண்டு நாள் கிடந்து தவித்த மெஷின்காரம்மா, செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கப் பின்னறைக்குள் நுழைந்தாள். விற்பதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. எண்ணுவதில் பாவமில்லையே.

பச்சைத் தொப்பிக்காரியின் பெட்டியைத் தூக்கியபோது அட்டையின் அடியில் காசளவு ஒரு கறை தெரிந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கடையின் மெஷின் எண்ணெய் பட்டுவிட்டது என்று விட்டிருப்பார்கள். ஆனால் அந்த விரல் இருபத்தெட்டு வருஷம் எண்ணெயில் ஊறிய விரல். எண்ணெயைத் தொட்டால் அதன் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லிவிடும். இது வெளியிலிருந்து வந்த எண்ணெய் இல்லை என்று சொன்னது. உள்ளேயிருந்து கசிந்தது.

அவள் பெட்டியை வேலை மேசைக்குக் கொண்டுவந்தாள். மெல்லிய திருப்புளியை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். மூன்றாம் தடவை எடுத்தபோது கை அவளைக் கேட்காமலே மூடியின் ஒட்டைப் பிளந்தது.

பழைய மழைக்கோட்டின் வாடை குப்பென்று வந்தது. பச்சைத் தொப்பிக்காரியின் முகம் மட்டும்தான் பழையபடி சிரித்தது. கழுத்துக்குக் கீழே நிலைமை மோசம். கால்கள் இரண்டும் எண்ணெயில் முக்கி எடுத்தது போலப் பளபளத்தன. தொட்டால் விரலை விடவில்லை. காலுறை சதையோடு ஒட்டிப் போயிருந்தது. கூந்தலைக் கட்டிய ரப்பர் உருகிக் கருப்புக் கோந்தாகி இருந்தது. கவுனின் சிவப்புச் சாயம் இறங்கித் தொடையில் திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தது. இருபத்து நாலு வருஷம் காற்றுப் படாமல் பூட்டி வைத்ததில், அந்த பிளாஸ்டிக் தன் வியர்வையில் தானே ஊறிக் கிடந்திருக்கிறது. விலை குறையக்கூடாது என்று மூடி வைத்ததுதான் வினை.

மெஷின்காரம்மா அழவில்லை. மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள். அதற்கடுத்ததை. அதற்கும் அடுத்ததை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் மேசையில் நாலு பொம்மைகள் காலை நீட்டிக் கிடப்பதைப் பார்த்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உலகம் உருண்டை இல்லை என்று யாராவது நிரூபித்திருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்.

"எத்தன?"

"நாலு தொறந்தேன். மூணு போச்சு."

"மிச்சம்?"

"நூத்தி அம்பத்தொம்பது மூடியிருக்கு."

"மூடித்தானே இருக்கு?" கணவரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப மூடியே இருக்கட்டும். சனிக்கிழமை அவரு வருவாரு, எண்ணுவாரு, ஏத்துவாரு. அவரும் தொறக்க மாட்டாரு. அவர்கிட்ட வாங்குறவனும் தொறக்க மாட்டான். அவன்கிட்ட வாங்குறவனும் மாட்டான். ஒலகம் அழியற வரைக்கும் ஒருத்தனும் தொறக்கப்போறதில்ல. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு?"

சிமெண்டு பூசிய சுவர் மாதிரி ஓட்டையில்லாத வாதம். மெஷின்காரம்மா கொஞ்ச நேரம் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என் கடையில ஒரு மெஷினையாவது மூடி வெச்சுக் குடுத்திருக்கேனா?"

"மெஷின் வேற, பொம்மை வேற."

"ரெண்டையும் குடுக்குறது நான்தானே? இன்னொண்ணு கேளுங்க. அவரு குடோன்ல அடுக்குவாரு. எல்லாம் கிடந்து இன்னும் உருகும். மூணு போனது நூத்தி அறுபத்தி ரெண்டா ஆகும். இன்னிக்குத் தொறந்தா கொஞ்சமாவது மிஞ்சும்."

"தொறந்தா விலை போயிடுமேம்மா!"

"விலைதான் ஏற்கெனவே போயிடுச்சே! அது இருந்த வரைக்கும் தொறக்க பயந்தேன். இனிமே எதுக்குப் பயப்படணும்?"

கணவர் செருப்பைக் கழற்றினார். "சரி. கீழ்த்தளம் வந்தாச்சு. இனி கதவத் தொறக்கலாம்," என்றார். இரண்டு வருஷ வாடகையைக் கையசைத்து அனுப்பிவைக்கும் குரலில்தான் அதைச் சொன்னார். ஆனால் சொன்னார்.

எப்படித் துடைப்பது என்று தெரியவில்லை. மண்ணெண்ணெய் மெஷினுக்குச் சரி, பொம்மைக்கு ஆகாது. ஒரு காலில் தடவிப் பார்த்ததில் சாயம் இன்னும் பரவியது. அதைவிட அவளை அரித்தது வேறொன்று. வட்டத்தில் பத்துப் பேர் வீட்டில் ஆயிரம் பெட்டிகள் இதே போல உருகிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. புதன்கிழமை காலை பச்சைத் தொப்பிக்காரியைத் துண்டில் சுற்றிக்கொண்டு சீல் சார் வீட்டுக்குப் போனாள்.

துண்டைப் பிரித்ததும் சீல் சார் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "தொறந்துட்டியா?"

"கையை எடுத்துட்டுப் பாருங்க சார்."

"பாக்க மாட்டேன். பாத்தா நானும் உடந்தை." கண்ணை மூடியபடியே பதிவேட்டைத் தடவி எடுத்து, பேனாவைத் தடவி எடுத்து, குத்துமதிப்பாக ஒரு கோடு கிழித்தார். அது முடிதிருத்தும் கடைக்காரரின் பெயரை அடித்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. "உன் பேரு வட்டத்துல இல்ல. போகலாம்."

"போறேன் சார். உங்க பச்சைத் தொப்பிக்காரிய ஒரு தடவை கையில குடுங்க. போயிடறேன்."

"எதுக்கு?"

"தொறக்க மாட்டேன். மோந்து மட்டும் பாக்குறேன்."

"என் பெட்டியையா? மோந்துக்கோ. முத்திரை வெச்சது நான்." பெருமை தாங்காமல் கண்ணைத் திறந்து, அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

மெஷின்காரம்மா மூக்கருகே கொண்டுபோனாள். மழைக்கோட்டு வாடை இல்லை. லேசாக முகப்பவுடர் வாசனை. கறை இருக்கிறதா என்று பெட்டியைக் கவிழ்த்தாள். கறையும் இல்லை. ஆனால் அடிமடிப்பில் கம்பெனியின் பழுப்புக் கோந்துக்குப் பதிலாக வெள்ளைப் பசை இருந்தது. ஒரு தடவை ஒட்டியதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கடுக்காக.

"சார், இத யாரோ தொறந்திருக்காங்க."

"என்னது! அரக்கப் பாரு! நான் முத்திரை போட்ட தராசுல ஈ ஒக்காந்து எழுந்திரிச்சா அதையே கண்டுபிடிப்பேன்!"

"மேல இல்ல சார். அடியில."

"அடியிலயா?" முப்பத்தைந்து வருஷம் தராசுகளை மேலிருந்தே பார்த்த மனிதர். அடி என்று ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி விழித்தார்.

வாசற்படியில் தேநீர்த் தட்டு குலுங்கியது. "என்னங்க, உங்க முத்திரைய நான் தொட்டதே இல்ல," என்றாள் சீல் சாரின் மனைவி. "அது மேல எனக்கு மரியாதை உண்டு."

தட்டுக்குக் குரல் வந்ததில் இரண்டு பேரும் திடுக்கிட்டுப் போனார்கள்.

"எத்தன வருஷமா?" என்றார் சீல் சார்.

"ஒரு பதினஞ்சு இருக்கும். ஒரு நாள் தூசி தட்டும்போது பெட்டி கையில ஒட்டுச்சு. என்னன்னு பாத்தேன். பாவம், கால் பூரா பிசுபிசுன்னு. வெதுவெதுன்னு சோப்புத் தண்ணி வெச்சு, துணியில தொட்டுத் தொடைச்சேன். நிழல்ல காயவெச்சு, பவுடர் போட்டேன். ரப்பரை எடுத்துட்டு நூலால கட்டினேன். காலுக்கும் கவுனுக்கும் நடுவுல வெள்ளைத் துணி. நீங்க ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள ஒட்டிடுவேன். வருஷா வருஷம் வெயில் காலத்துல பத்துப் பத்தா எடுப்பேன்."

"நான் ரிட்டயர் ஆனப்புறம்?"

"மத்தியானம் தூங்குறீங்கல்ல? மூணு பொம்மை முடிச்சிடலாம்."

"அப்ப இருநூத்தி நாலுல திறக்காத பெட்டின்னு…"

"ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் நல்லா இருக்கு."

சீல் சாரின் முகத்தில் அப்போது ஓடிய நிறங்களை ஒரு துணிக்கடை முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. எழுந்தார். உட்கார்ந்தார். பச்சைத் தொப்பிக்காரியைக் கவிழ்த்து, அடிமடிப்பை நகத்தால் நெம்பித் திறந்தார். வெள்ளைக் காலுறை வெள்ளையாகவே இருந்தது. கன்னம் மினுங்கியது. கூந்தல் இரட்டைப் பின்னலாகப் பின்னி நூல் கட்டியிருந்தது. துண்டில் கிடந்த இன்னொருத்தியைப் பார்த்தார். மறுபடி இவளைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் பிரித்து, இந்தத் தடவை கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, முதல் வரியில் இருந்த தன் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

"சட்டம்னா சட்டம்," என்றார்.

மனைவி தட்டைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட எத்தன இருக்கு?" என்று மெஷின்காரம்மாவைக் கேட்டாள்.

"நூத்தி அறுபத்து மூணுக்கா. சனிக்கிழமை ஆள் வர்றாரு."

"சனிக்கிழமைக்குள்ள முடியாது. தொடங்கலாம். பவுடர் நெறைய வேணும், சொல்லிட்டேன்."

அந்த மூன்று நாளில் அந்தத் தெருக் கடைகளில் முகப்பவுடருக்குத் தட்டுப்பாடு வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணப்பெண் பவுடர் கிடைக்காமல் வெறும் முகத்தோடு மேடையேறினாள் என்றுகூடப் பேச்சு. முன்னறையில் மெஷின்கள் ஓரம் கட்டப்பட்டன. சீல் சாரின் மனைவி துடைத்தாள். மெஷின்காரம்மா காலுறை பிரிக்கும் நுணுக்கத்தை இரண்டாவது பொம்மையிலேயே பிடித்துக்கொண்டாள், திருப்புளி பிடித்த கை அல்லவா. லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்து தலை வாரினார். ஒன்பது மாடியும் நின்றபடி போய் வந்தவர் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததே என்று ஆரம்பத்தில் மகிழ்ந்தார். பத்தாவது கூந்தலில் நின்று செய்கிற வேலையே மேல் என்றார். ஆனாலும் சீப்பைக் கீழே வைக்கவில்லை. எல்லாம் பிழைக்கவில்லை. பன்னிரண்டின் கால்கள் உருகி வடிவமே போயிருந்தன. அவற்றை மெஷின்காரம்மா தனிக் கூடையில் வைத்து, மேலே துணி போட்டாள்.

சனிக்கிழமை மொத்தம் வண்டியோடு வந்து நின்றார். மூக்கை உறிஞ்சினார். "என்னக்கா, இங்க நாடகக் கம்பெனி ஏதும் வந்திருக்கா? ஒரே பவுடர் வாசனை."

மெஷின்காரம்மா மூடிய பெட்டி ஒன்றை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிளந்து, உள்ளே இருந்ததை அவர் கையில் வைத்தாள். அது அவர் கையை விட மறுத்தது.

"ஏன்க்கா தொறந்தீங்க? நான் கேட்டேனா? நான் பாட்டுக்கு எண்ணிட்டுப் போயிருப்பேனே!"

அவள் சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினாள்.

"தொறந்ததுக்கு விலையே கெடையாது, தெரியுமா? சரி, மூடியிருக்கிறத மட்டும் பத்துல ஒரு பங்குக்கு எடுத்துக்கிறேன். இதுக்கு மேல கேட்டா நான் கெளம்புறேன்."

கணவர் சீப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பத்தில் ஒரு பங்கும் பணம்தான்.

"கெளம்புங்க," என்றாள் மெஷின்காரம்மா.

மொத்தம் கிளம்பவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்தார். பிசுக்கு போகவில்லை. பொம்மையின் காலைப் பார்த்தார், மேசையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அக்கா… மூடி வெச்சா எல்லாமே இப்படித்தான் ஆகுமா?"

"நாலுல மூணு."

"என் குடோன்ல தொள்ளாயிரம் இருக்கு."

சீல் சாரின் மனைவி துணியைப் பிழிந்தாள்.

"நீங்களே எல்லாத்தையும் எடுத்துச் சுத்தம் பண்ணிக் குடுத்துடுங்கக்கா. ஒரே ரேட்டா பேசிக்கலாம். திங்கக்கிழமை மொத்தமா கொண்டாந்து எறக்கிடறேன்."

"மொத்தமா எடுக்க மாட்டேன்," என்றாள் மெஷின்காரம்மா. "ஒவ்வொண்ணா கொண்டாங்க. ஒவ்வொண்ணையும் உங்க முன்னால தொறப்பேன். பொழைச்சாத்தான் காசு. பொழைக்கலன்னா அதையும் காட்டுவேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக மொத்தத்தின் வண்டி காலியாகத் திரும்பியது. டிரைவர் நம்பாமல் இரண்டு தடவை பின்னால் எட்டிப் பார்த்தாராம்.

கணவர் போனை எடுத்து அன்றைய விலையைப் பார்த்தார். பச்சைத் தொப்பிக்காரி சைக்கிள் பெல்லிலிருந்தும் இறங்கியிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லியே விட்டார்.

"சரி," என்றாள் மெஷின்காரம்மா. பச்சைத் தொப்பிக்காரி மெஷின் மேசையின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். தொடையில் அந்தச் சிவப்புத் திட்டு போகவே போகாது என்று சீல் சாரின் மனைவி சொல்லிவிட்டாள். வாசலில் நாற்காலி போட்டு, உள்ளே பார்க்காமல், தெருவைப் பார்த்தபடி சீல் சார் உட்கார்ந்திருந்தார். மடியில் புதிய பதிவேடு. மூன்று நாளாக அப்படித்தான் இருந்தார். தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"அடுத்தது என்ன நம்பர்?"

"அம்பத்தெட்டு சார்."

"அம்பத்தெட்டு," என்று எழுதிக்கொண்டார் சீல் சார். "திறந்தாச்சு."

"இன்னும் இல்ல சார்," என்றாள் மெஷின்காரம்மா, திருப்புளியை எடுத்துக்கொண்டே. "இப்பத்தான் தொறக்கப் போறேன். வந்து பாருங்க."